குரங்கு சொன்னதும் நாம் கேட்டதும்

1937-ல் கனடாவின் டொரண்டோ நகரில் இளம்பிள்ளை வாதம் என்ற போலியோ பரவியது. சுமார் ஐயாயிரம் பிள்ளைகளைக் கூட்டிவந்து, மூக்கின் உச்சி வரை எட்டும்படி துத்தநாக சல்பேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். தேர்ந்த மருத்துவர்கள் பொறுப்பெடுத்துச் செய்த வேலை. கை தவறிவிட்டது என்று சொல்ல வழியில்லை. மருந்து பீய்ச்சப்பட்ட பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நோய் வருவதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பலருக்கு வாசனை தெரியாமல் போனதுதான் மிச்சம். சிலருக்கு அது திரும்பி வரவேயில்லை.

அன்றைய உலகின் தலைசிறந்த ஆய்வகங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் குரங்குகளை வைத்துப் படித்த பாடத்தின்படி நடந்த வைத்தியம் இது. ரீசஸ் குரங்கின் மூக்கில் இதே கரைசலைப் பூசிவிட்டு, பிறகு வைரஸை மூக்கில் விட்டால் குரங்கு தப்பித்துக்கொள்ளும். அந்தச் சோதனையில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்குத் திரும்பச் செய்தாலும் அதே விடைதான் கிடைக்கும். சரியான சோதனை எப்படித் தவறான வைத்தியத்தில் கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்த்தால், விலங்கை மாதிரியாக வைத்து மனித நோயை ஆராயும் இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருப்பது தெரியும்.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுவது நியாயம். 1908-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் இந்த நோயில் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்து, விலங்குகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். முயலுக்கும் கினி எலிக்கும் சுண்டெலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. குரங்கினத்தைச் சேர்ந்த இரண்டு விலங்குகளில் ஒன்று செத்தது. மற்றொன்றின் பின்னங்கால்கள் விழுந்துபோயின. அவற்றின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தச் சிறுவனிடம் இருந்த அதே சிதைவு தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத, வளர்தட்டில் வளராத ஒரு கிருமியைப் பற்றி, இது தொற்றக்கூடியது என்று அடித்துச் சொல்ல அன்றைக்கு வேறு சாட்சி இல்லை. எலிக்கு ஏன் வரவில்லை என்பது 1989-ல்தான் விளங்கியது. போலியோ வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏற்பி மனித செல்லிலும் குரங்கு செல்லிலும் உண்டு, எலி செல்லில் இல்லை. அதாவது, வியன்னாவில் குரங்கைத் தவிர வேறு எந்த ஆய்வக விலங்கைக் கேட்டிருந்தாலும் ‘எனக்குத் தெரியாது’ என்றுதான் சொல்லியிருக்கும்.

சிக்கல் வியன்னாச் சோதனைக்கு அடுத்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சைமன் ஃபிளெக்ஸ்னர் வைரஸை ஒரு குரங்கின் மூளையிலிருந்து இன்னொரு குரங்கின் மூளைக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போனார். வைரஸை உயிரோடு வைத்திருக்க வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் மூளையில் செழிக்கும் வகையே தப்பிப் பிழைத்தது. குடலில் வாழத் தெரிந்த வகை கழிந்துபோனது. கடைசியில் கையில் இருந்தது, ‘எம்வி’ என்று பெயரிட்ட, மூளைச் சோறு தின்றே வளர்ந்த வைரஸ். அது நரம்பை விட்டால் வேறெங்கும் வளராது. இதற்கு மேல் இன்னொரு கோளாறு: ரீசஸ் குரங்குக்கு வாய் வழியாக போலியோவைக் கொடுத்தால் லேசில் தொற்றாது, மூக்கு வழியாகக் கொடுத்தால் தொற்றும். இப்படி வாகாக அமைந்த வைரஸும் வாகாக அமைந்த குரங்கும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லின. நோய் மூக்கில் நுழைந்து நேரே மூளைக்குப் போகிறது என்பதுதான் அந்தப் பதில்.

மறுத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஸ்வீடனில் கார்ல் கிளிங் 1912-லேயே நோயாளிகளின் குடலில் வைரஸைக் காட்டினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1936-ல் ஆல்பர்ட் சேபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் மனிதக் கருவின் திசுக்களில் வைரஸை வளர்த்துப் பார்த்தார்கள். நரம்புத் திசுவில் வளர்ந்தது; மற்றத் திசுக்களில் வளரவில்லை. மூக்குக் கோட்பாட்டுக்கு இதைவிடப் பலமான ஆதாரம் வேண்டுமா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் எடுத்த வைரஸும் அதே ‘எம்வி’தான் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. கருவாடு தின்று பழகிய பூனைக்குத் தயிர்ச்சோறு வைத்து, அது முகம் திருப்பியதும் ‘பூனைகள் தயிர்ச்சோறு தின்னாது’ என்று எழுதிவைத்த கதை இது.

சேபினின் பெருமை, தன் முடிவைத் தானே உடைத்ததில் இருக்கிறது. 1941-ல் அவரும் ராபர்ட் வார்டும் நோயில் இறந்தவர்களின் உடல்களைக் கவனமாகப் பிரேதப் பரிசோதனை செய்து, ஒவ்வொரு உறுப்பாகத் தேடினார்கள். குடலில் வைரஸ் இருந்தது. மூக்குச் சவ்வில் இல்லை. அதே காலத்தில் சிம்பன்சிக்கு வாய் வழியே நோய் தொற்றுவதும் தெரியவந்தது. முப்பதாண்டு கட்டிய கோட்பாடு சரிந்தது. அதற்குள் தடுப்பூசி ஆராய்ச்சி தவறான திசையில் போயிருந்தது. டொரண்டோப் பிள்ளைகளின் மூக்கும் வீணானது.

1949-ல் பாஸ்டனில் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் மூவரும் வேறு வகை வைரஸை எடுத்து, நரம்பல்லாத மனிதத் திசுவில் போலியோவை வளர்த்துக் காட்டினார்கள். 1954-ல் நோபல் பரிசு வந்தது. அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சோதனைக் குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். செல்கள் வளரும் ஊட்டநீரில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருக்கும். நீர் சிவந்து தெரியும். செல்கள் உயிரோடிருந்தால் அவை விடும் அமிலத்தால் நீர் மஞ்சளாகும். வைரஸ் செல்களைக் கொன்றுவிட்டால் சிவப்பு அப்படியே நிற்கும். நோயாளியின் இரத்தநீரைச் சேர்த்தும் மஞ்சளானால், அதில் எதிர்ப்பொருள் இருந்து வைரஸை மடக்கிவிட்டது என்று பொருள். பிட்ஸ்பர்க்கில் ஜோனஸ் சால்க்கின் ஆய்வகத்தில் ஜூலியஸ் யங்னர் முதலியோர் இப்படித்தான் வரிசை வரிசையாகக் குழாய்களை அடுக்கி, நிறம் பார்த்தே கணக்கெடுத்தார்கள். போலியோ வைரஸ் மூன்று வகைதான் என்று உறுதிசெய்ய 1948 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட குரங்குகள் செலவாயின. அவற்றைத் துளைத்துக் கேட்ட கேள்விக்கு இப்போது மஞ்சளும் சிவப்பும் பதில் சொல்லிவிட்டன.

என் கல்லூரி மருந்தியல் செய்முறை வகுப்பு ஒன்று இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. தவளையின் இதயத்தில் நூல் கட்டி, அதன் துடிப்பைப் புகை பூசிய உருளையில் எழுத வேண்டும். அசிட்டைல்கோலின் விட்டால் துடிப்பு குறைய வேண்டும். பாடநூலில் அப்படித்தான் படம் போட்டிருந்தது. எங்கள் தவளை கேட்கவில்லை. அதன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. என் கூட்டாளி எழுதுகோலின் நுனியை விரலால் மெதுவாக ஆட்டி, பாடநூல் படத்தை அச்சு அசலாக வரைந்துவிட்டான். அரக்குக் கரைசலில் முக்கிக் காயவைத்து ரெக்கார்டில் ஒட்டினோம். இருவருக்கும் முழு மதிப்பெண். மருந்து பழசாகியிருந்ததா, தவளை களைத்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 1954-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்ததும் இதே வகைதான். பெர்னிஸ் எடி என்ற ஆய்வாளர், கொல்லப்பட்ட வைரஸ் என்று சொல்லி வந்த புதிய சால்க் தடுப்பூசியைக் குரங்குகளுக்குப் போட்டுச் சோதித்தார். கட்டர் நிறுவனத்தின் மருந்து போட்ட குரங்குகள் முடமாயின. படமெடுத்து மேலிடத்துக்குச் சொன்னார். யாரும் அசையவில்லை. 1955 ஏப்ரல் 12 அன்று தடுப்பூசியின் வெற்றி அறிவிக்கப்பட்டது. அன்றைக்கே உரிமமும் கொடுக்கப்பட்டது. சில நாட்களில் கட்டர் மருந்து போட்ட பிள்ளைகள் முடமாகத் தொடங்கினார்கள். உயிருள்ள வைரஸ் மிஞ்சிய அந்த மருந்தால் சுமார் 40,000 பேருக்கு லேசான நோய் வந்தது. சுமார் 200 பேர் நிரந்தரமாக முடமானார்கள். 10 பேர் இறந்தார்கள்.

என் வாதம் இந்த இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் இருக்கிறது. மூக்கைப் பற்றிக் குரங்கு சொன்னதைச் சந்தேகித்திருக்க வேண்டும், முப்பதாண்டு நம்பினார்கள். கட்டர் மருந்தைப் பற்றி அதே குரங்கு சொன்னதை நம்பியிருக்க வேண்டும், காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலாவதில் குரங்கின் பதில் ஆய்வகத்தின் எண்ணத்துக்கு ஒத்துப்போனது. இரண்டாவதில் நாடே எதிர்பார்த்திருந்த நல்ல செய்திக்குக் குறுக்கே நின்றது. விலங்குச் சோதனையைக் குறைசொல்பவர்கள் முதல் சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்; ஆதரிப்பவர்கள் இரண்டாவதை மட்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பழி விழும் இடம் வேறு.

திசு வளர்ப்பு வந்ததும் குரங்குக்கு விடுதலை என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. தடுப்பூசி வைரஸை வளர்க்கச் சிறந்த இடம் குரங்கின் சிறுநீரகச் செல் என்றானது. 1950-களில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ரீசஸ் குரங்குகள் கப்பலிலும் விமானத்திலும் ஏறின. (நம்மூர்க் கோயில்களில் தேங்காய் மூடியைப் பிடுங்கும் நாட்டுக் குரங்கு வேறு, ரீசஸ் வடக்கே வாழ்வது.) 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் சுமார் 400 குரங்குகள் மூச்சுத்திணறிச் செத்தன. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு மறுபடி அனுமதித்தது. அந்த நிபந்தனையை மீறி அமெரிக்காவில் கதிர்வீச்சு ஆயுதச் சோதனைகளுக்கு அவை பயன்பட்டது வெளிவந்த பிறகு, 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதிக்கு அடியோடு தடை விதித்தது. நல்ல முடிவுதான். இருபது ஆண்டு தாமதம்.

சிறுநீரகத்தோடு குரங்கின் சொந்த வைரஸ்களும் கூடவே வந்தன. அதே பெர்னிஸ் எடிதான் 1959-ல் ரீசஸ் சிறுநீரகச் சாற்றை ஹாம்ஸ்டர்களுக்கு ஏற்றி, கட்டிகள் வருவதைப் பார்த்தார். அவருடைய மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. தடுப்பூசிச் சோதனைப் பொறுப்பு அவரிடமிருந்து போனது. 1960-ல் பென் ஸ்வீட்டும் மாரிஸ் ஹில்மனும் அந்த வைரஸைப் பிடித்து ‘எஸ்வி40’ என்று பெயரிட்டார்கள். ரீசஸின் செல்லில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்லில் விட்டால்தான் குமிழ் குமிழாகத் துளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதற்குள் பல கோடிப் பேருக்கு ரீசஸ் செல்லில் வளர்த்த தடுப்பூசி போய்ச் சேர்ந்திருந்தது. சரி, பச்சைக் குரங்குக்கு மாறுவோம் என்று மாறினார்கள். 1967-ல் உகாண்டாவிலிருந்து வந்த பச்சைக் குரங்குகளின் சிறுநீரகத்தை எடுத்தவர்களுக்கு ஜெர்மனியின் மார்பர்க் நகரில் இனந்தெரியாத காய்ச்சல் வந்தது. ஃபிராங்க்ஃபர்ட், பெல்கிரேடு உட்பட 31 பேருக்கு நோய். 7 பேர் சாவு. அந்த வைரஸுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

ஆய்வகத்தால் எட்டவே முடியாத கேள்வியும் உண்டு. சேபின் பின்னாளில் உருவாக்கிய போலியோ சொட்டு மருந்து குரங்குச் சோதனைகளிலும் மேலை நாடுகளிலும் நன்றாகத் தேறியிருந்தது. 1970-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான், நம் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தார். மூன்று தவணை கொடுத்தும் கணிசமான பிள்ளைகளுக்கு எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை. வேலூர்ப் பிள்ளையின் குடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கூண்டில் வளர்ந்த குரங்கு எப்படிச் சொல்லும்? மூன்று தவணை போதாது என்பதை ஏற்றுக்கொள்ள நமக்கு நீண்ட காலம் பிடித்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் இயற்கை போலியோ வைரஸின் கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் ஒழிந்ததற்கான சான்று.

இன்று சொட்டு மருந்தைச் சோதிக்க மனித ஏற்பியின் மரபணுவை ஏற்றிய சுண்டெலி வந்துவிட்டது. குரங்கின் முதுகுத்தண்டில் ஊசி ஏற்ற வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. செல்லும் எலியும் விடை சொல்லும் கேள்விக்குக் குரங்கைக் கொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு வைரஸ் முழு உடலில் எந்த வழியில் புகுந்து எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு முழு உடல்தான் வேண்டும் என்பதையும் மறுக்க மாட்டேன். அப்படிக் கேட்கும்போது, எந்த இனம், எந்த வகை வைரஸ், எந்த வழியாகக் கொடுத்தது என்ற மூன்றையும் முடிவோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

2020-ல் கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசியைச் சோதிக்க இந்தியாவில் ஆய்வுக்கென வளர்த்த ரீசஸ் கிடைக்கவில்லை. நாக்பூர்ப் பக்கத்துக் காட்டில் தேடிப் பிடித்தார்கள். இருபது குரங்குகளின் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் வைரஸை விட்டார்கள். இந்த நோய்க்கு மூக்கு சரியான வழிதான். ஊசி போட்டவை நுரையீரல் கெடாமல் தப்பின. ஆனால் கொரோனா வைரஸால் ரீசஸுக்குப் பெரும்பாலும் லேசான நோயே வரும். 2021 ஜனவரி 3 அன்று அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தபோது, மூன்றாம் கட்ட மனிதச் சோதனையின் பலன் விவரம் வந்திருக்கவில்லை. குரங்கும் ஹாம்ஸ்டரும் தப்பியதை அனுமதி அறிக்கையில் ஆதாரமாகக் குறிப்பிட்டிருந்தார்கள். மனிதர்களிடம் கேட்ட கேள்விக்கு முதல் பதில் மார்ச்சில் வந்தது. ஊசி பலன் தந்தது. குரங்கு சொன்னது இந்த முறை சரியாகவே இருந்தது. ஜனவரியில் அது யாருக்கும் தெரியாது.