வாசலிலேயே சொல்லிவிடும் மரியாதை

ஒரு மெயில் சர்வர் வேண்டாத மெயிலை எந்தக் கட்டத்தில், என்ன சொல்லித் திருப்புகிறது என்று பார்த்தாலே போதும், அதை நடத்துபவரின் கைத்திறன் தெரிந்துவிடும். யாரை உள்ளே விடுவது, யாரை மறுப்பது என்று எழுதிவைக்கும் பட்டியலுக்கு ஏசிஎல் என்று பெயர். அதை ரசித்து எழுத இடம் கொடுத்த மென்பொருள் என்றால் என் கணக்கில் எக்ஸிம்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிச் சேவைப் பிரிவில் வேலை பார்த்த பிலிப் ஹேசல் 1995-இல் எழுதத் தொடங்கியது எக்ஸிம். ரெகுலர் எக்ஸ்பிரஷன்களுக்காக இன்று எங்கெங்கோ புழங்கும் பிசிஆர்இ நூலகமும் அவர் எழுதியதுதான். இசைக் குறிப்புகளை அச்சுக்கோக்கும் நிரல் ஒன்றும் அவர் பெயரில் உண்டு. ஸ்வரங்களை வரி பிசகாமல் அடுக்கிப் பழகிய கை என்பது எக்ஸிமின் கான்ஃபிக் கோப்பைப் படிக்கும்போது எனக்குத் தெரிகிறது. 2002-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் ஏசிஎல் இன்றைய வடிவத்தில் வந்தது.

மெயில் வந்து சேர்வது ஓர் உரையாடல். எதிர்முனைச் சர்வர் வணக்கம் சொல்லும், அனுப்புநர் யார் என்று சொல்லும், பெறுநர்களை ஒவ்வொருவராகச் சொல்லும், கடைசியாகத்தான் மெயிலை இறக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஏசிஎல் வைக்கலாம். ஆனாலும் நுட்பமெல்லாம் கூடிக் கிடப்பது பெறுநரைச் சொல்லும் ஆர்சிபிடி கட்டத்தில். பத்துப் பேருக்கு வரும் மெயிலில் எட்டுப் பேரை ஏற்று இரண்டு பேரை மறுக்க இங்கேதான் முடியும். மெயில் முழுதும் இறங்கிய பிறகு மறுத்தால் பத்துப் பேருக்கும் சேர்த்தே மறுத்ததாகிவிடும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எதிர்முனை லைனில் இருக்கும்போதே 550 என்ற மறுப்பு எண்ணைச் சொல்லிவிட்டால் மெயிலின் பொறுப்பு அதனிடமே நிற்கும். 250 என்ற ஏற்பு எண்ணைச் சொல்லி வாங்கிவைத்துவிட்டு, அப்படி ஓர் ஆளே இங்கே இல்லை என்று பிறகு கண்டுபிடித்து, ‘சேர்க்க முடியவில்லை’ என்ற பவுன்ஸ் அனுப்பினால் அது யாருக்குப் போகும்? ஸ்பாமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடியது. எதுவும் அனுப்பாத யாரோ ஒருவரின் பெட்டியில் நம்முடைய பவுன்ஸ்கள் குவியும். வாசலிலேயே மறுக்காத சர்வரை நல்ல சர்வர் என்று நான் சொல்லமாட்டேன்.

எக்ஸிமோடு வரும் இயல்பான ஆர்சிபிடி பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதல் விதி ‘அக்செப்ட்’. அதன் நிபந்தனையாக ‘ஹோஸ்ட்ஸ்’ என்று போட்டு, எதிரே ஒரே ஒரு முக்காற்புள்ளி. பட்டியலில் வெறுமையான ஓர் உறுப்பு இருக்கிறது என்று அதற்குப் பொருள். வெளி ஹோஸ்ட் எதுவும் இல்லாமல், இதே மெஷினுக்குள்ளிருந்து வரும் மெயிலுக்கு மட்டும் அது பொருந்தும். ஒரு புள்ளிக்குறியை வைத்து இவ்வளவு சொன்ன வரியை வேறு கான்ஃபிக் கோப்புகளில் நான் கண்டதில்லை.

அடுத்து இரண்டு ‘டினை’ விதிகள். நம் டொமைனுக்கு வரும் முகவரியின் முன்பகுதி புள்ளியில் தொடங்கினாலோ, அதற்குள் சதவீதக்குறி, ஆச்சரியக்குறி, சாய்கோடு, பைப் குறி போன்றவை இருந்தாலோ மறுப்பு. அந்தக் காலத்தில் நம் சர்வர் வழியாக வேறெங்கோ மெயிலைத் தள்ளிவிடச் சதவீதக்குறி உதவியது. சாய்கோடும் பைப்பும் கோப்புப் பாதையாகவோ கட்டளையாகவோ மாறும் ஆபத்து உண்டு. வெளி டொமைனுக்குப் போகும் முகவரிகளுக்கான இரண்டாம் விதி கொஞ்சம் தளர்ந்திருக்கும். நம் ஆட்கள் எழுதும் ஏதோ ஓர் ஊர் முகவரியில் நடுவே சாய்கோடு நியாயமாகவே வரலாம் அல்லவா, அதற்காக. சந்தேகத்தோடு சேர்த்து இந்த இடம்கொடுத்தலையும் எழுதிவைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதன் பின் வரும் விதி எனக்கு மிகப் பிடித்தது: நம் டொமைனின் போஸ்ட்மாஸ்டருக்கு, அதாவது மெயில் பொறுப்பாளருக்கு, என்றால் ஏற்றுக்கொள். அனுப்புநரைச் சரிபார்க்கும் வரிக்கு முன்னால் இதை வைத்திருக்கிறார்கள். “உங்கள் சர்வர் எங்கள் மெயிலைத் தடுக்கிறது” என்று முறையிட வருபவரை அதே தடுப்பு நிறுத்திவிடக் கூடாது. போஸ்ட்மாஸ்டர் முகவரி இருந்தே ஆக வேண்டும் என்பது 1982-இன் ஆர்எஃப்சி 822 காலத்திலிருந்தே உள்ள நெறி.

பிறகு அனுப்புநர் சரிபார்ப்பு. நம் நெட்வொர்க்குக்கும் லாகின் செய்தவர்களுக்கும் அனுமதி. மற்றவர்கள் நம் டொமைனுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற ‘ரிக்வயர்’. பெறுநர் உண்மையில் இருக்கிறாரா என்ற சோதனை. இவற்றையெல்லாம் தாண்டினால் ஏற்பு. பொதுவாக ஓர் ஏசிஎல்லில் எந்த விதியும் பொருந்தாமல் கடைசிவரை வந்துவிட்டால் பதில் மறுப்புதான். ஆர்சிபிடி பட்டியலே எழுதாமல் விட்டால் எக்ஸிம் வெளியிலிருந்து ஒரு மெயிலும் வாங்காது.

வரிசையில்தான் கைத்தேர்ச்சி தெரியும். ஒரு விதிக்குள்ளும் நிபந்தனைகள் மேலிருந்து கீழாகவே சோதிக்கப்படும். ஒன்று பொய்த்தால் அடுத்ததைத் தொடாது. கையில் உள்ள பட்டியலைப் பார்ப்பதை முதலில் வைத்து, டிஎன்எஸ் கறுப்புப் பட்டியலைத் தேடுவதையும், எதிர்முனைச் சர்வரையே அழைத்துக் கேட்கும் கால்அவுட்டையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். நாடி பிடித்துப் பார்க்காமலே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் டாக்டரை யாருக்குப் பிடிக்கும்?

‘எண்ட்பாஸ்’ என்றொரு சொல்லும் இதில் உண்டு. அதற்கு முன்னுள்ள நிபந்தனை பொய்த்தால் அடுத்த விதிக்குப் போகும். பின்னுள்ளது பொய்த்தால் உடனே மறுக்கும். கெட்டிக்காரத்தனமான அமைப்புதான். ஆனால் இது சிலரைக் குழப்புகிறது, இனி பரிந்துரைப்பதில்லை என்று எக்ஸிமின் கையேடே சொல்லிவிட்டது. படிப்பவருக்குப் புரியவேண்டும் என்பதற்காகத் தன் சாமர்த்தியத்தை ஒதுக்கிவைக்கும் மென்பொருள்கள் அபூர்வம்.

வீட்ஸ வெனிமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் இன்னும் கட்டுக்கோப்பானது, தவறு செய்ய இடம் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எக்ஸிமின் பட்டியலை ஒரு நியாயத்தைச் சொல்வதுபோல வாய்விட்டு வாசிக்கலாம். ‘மெசேஜ்’ என்பது எதிர்முனைக்குச் சொல்லும் காரணம், ‘லாக் மெசேஜ்’ நமக்கு மட்டும் எழுதும் குறிப்பு. “ரிலே அனுமதி இல்லை” என்று முன்னதில் ஒரு வரி எழுதினால் எங்கோ ஒரு நிர்வாகிக்கு அரை நாள் தேடல் மிச்சமாகும்.

எக்ஸிம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பிஹெச்’ சுவிட்சோடு ஏதாவது ஓர் ஐபி முகவரியைக் கொடுத்து எக்ஸிமை ஓட்டுங்கள். அந்த முகவரியிலிருந்து மெயில் வருவதுபோல நீங்களே பேசிப் பார்க்கலாம். மெயில் எதுவும் போகாது, ஒவ்வொரு நிபந்தனையும் பொருந்தியதா இல்லையா என்று திரையில் வரும். உங்கள் தடுப்புப் பட்டியலில் உள்ள ஐபி ஒன்றைக் கொடுத்து, போஸ்ட்மாஸ்டருக்கு எழுதப் பாருங்கள். மறுத்தால், போஸ்ட்மாஸ்டர் விதியை இன்றே மேலே ஏற்றுங்கள்.