ஜவ்வாது மலைப் படங்களும் ஒரு ஸ்கிரிப்டும்

ரா படங்களை மொத்தமாக ஜேபெக் ஆக்கி, தேதிவாரியாக அடுக்கித் தரும் குட்டி ஸ்கிரிப்ட்கள் இணையத்தில் ஏராளம். நானும் ஒன்றை எடுத்து இரண்டு வருஷம் ஓட்டினேன். ஜவ்வாது மலைக் கல்திட்டைகளில் பாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட உட்கார்ந்தபோதுதான் அதன் வண்டவாளம் தெரிந்தது.

ஒரே கல், ஒரே வெயில், ஒரே எக்ஸ்போஷரில் இரண்டு படங்கள். ஒன்றில் மேலே வானம் தெரிகிறது, மற்றதில் இல்லை. மாற்றிய பிறகு முதல் படத்தில் கல் கறுப்பு, அடுத்ததில் வெளிர் சாம்பல்! ஸ்கிரிப்டுக்குள் இருப்பது டிசிரா, டேவ் காஃபின் 1997-ல் தொடங்கிய நிரல். வேண்டாம் என்று சொல்லாவிட்டால், அது ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் அந்தப் படத்தை மட்டும் பார்த்துக் கூட்டிவிடும். தடுக்க ஒரே எழுத்து போதும்: பெரிய டபிள்யூ. (சின்ன டபிள்யூ வேறு, அது கேமராவின் வொயிட் பேலன்ஸ்.) கல்யாண ஆல்பத்துக்கு இந்தத் தானியங்கி வெளிச்சம் நல்லதுதான். ஒப்பிட எடுத்த படத்துக்கு விஷம்.

அடுத்த கோளாறு, இடையில் வரும் பிபிஎம் கோப்பு. அதில் எக்ஸிஃப் தங்காது. எடுத்த நேரம், எக்ஸ்போஷர், லென்ஸ் எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். எக்ஸிஃப்டூல் வைத்துத் திரும்ப ஒட்டலாம், ஆனால் ஸ்கிரிப்ட் எழுதியவர் அதை நினைக்கவில்லை.

இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி. வானியலாளர்களும் பிரேம்களைக் கும்பலாகத்தான் ஸ்கிரிப்டில் போடுவார்கள். ஆனால் அவர்கள் துறையின் ஃபிட்ஸ் வடிவத்தில் நேரமும் எக்ஸ்போஷரும் கோப்பின் தலைப்பிலேயே இருக்கும். என்னென்ன திருத்தம் செய்தோம் என்பதையும் 'ஹிஸ்டரி' என்ற வரிகளில் எழுதி வைக்கலாம். திருத்துவது நகலில், மூலம் அப்படியே இருக்கும். 1981-லேயே வெளியான ஏற்பாடு இது.

என் ஸ்கிரிப்டின் கடைசி வரி என்ன செய்தது தெரியுமா? ராவை அழித்தது. 14 பிட் ராவில் 16,384 படிநிலைகள், ஜேபெக்கில் 256. இடம் மிச்சமாம்!

இப்போது அந்த வரியை எடுத்துவிட்டேன். பெரிய டபிள்யூ சேர்த்தாச்சு. ஓடிய கட்டளை முழுக்க ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் விழுகிறது. இரண்டாம் வருஷ ரா, நல்லவேளை, கார்டிலேயே இருந்தது. மறுபடி மாற்றிக்கொண்டேன். முதல் வருஷத்துக்கு ஜேபெக் மட்டும்தான் மிச்சம். அதில் கல்லைக் கறுக்க வைத்தது பாசியா, டிசிராவா என்று என்னால் சொல்ல முடியவில்லை.