18 மாதத்தில் எத்தனை சம்பா?

விவசாய உயிரித்தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்புகளுக்கு அரசு பணமே தருவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைராக் அமைப்பின் 'பிக்' மானியம் 50 லட்சம் ரூபாய் வரை. ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவில் விதைநிலைக்கு 25 லட்சம் வரை. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பயோ-ஈ3 கொள்கையிலும் பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் விவசாயம் ஒரு தனித் தலைப்பு. என் குறை காலண்டர் பற்றியது.

பிக் மானியத்தின் காலம் 18 மாதம். லேபில் ஒரு சோதனை தோற்றால் அடுத்த வாரம் இன்னொன்று செய்யலாம். நான் மென்பொருள் எழுதுபவன். ஒரே நாளில் நாற்பது தடவை டெஸ்ட் ஓட்டுவேன். நெல்லுக்கு அப்படி முடியுமா?

ராமநாதபுரம் கடலில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசியை எடுத்துக்குவோம். சுமார் 45 நாளில் அறுவடை. பச்சையாக அரைத்துப் பிழிந்தால் கிடைக்கும் சாறு பயிர் ஊக்கி. சக்கையிலிருந்து காரஜீனன் எடுக்கலாம். பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை இது. எதுவும் வீணாகாது.

இதில் புதுசாக ஒன்று செய்து விற்கணும்னா, வயல் சோதனைத் தரவும் நச்சுத்தன்மைத் தரவும் கொடுத்துப் பதிவு வாங்கணும். 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் பயிர் ஊக்கிகளைச் சேர்த்ததிலிருந்து இதுதான் விதி. நியாயமான விதிதான், கண்ட தண்ணியையும் பாட்டிலில் அடைத்து விவசாயி தலையில் கட்டக்கூடாது இல்லையா? ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. மானியம் செப்டம்பர் கடைசியில் கைக்கு வருதுன்னு வைங்க. ஆட்களைச் சேர்த்து, சாறு தயாரிப்பதற்குள் டெல்டாவில் நடவு முடிந்திருக்கும். அந்தச் சம்பா போச்சு. அடுத்த சம்பா அறுவடையாகித் தரவு வரும்போது மார்ச். 18 மாதம் முடிஞ்சது. கையில் ஒரே ஒரு பருவம்.

குறுவையில் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம்தான். ஆனால் குறுவைப் பயிரில் கிடைத்த பலன், வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் பயிருக்கும் கிடைக்கும் என்று யார் சொன்னது?

ரெண்டு வருஷம் முன்னாடி சித்தப்பா வயலில் பாதிக்கு இந்தச் சாற்றை அடித்து, பாதியைச் சும்மா விட்டோம். தை மாதம், அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பெய்த மழையில் ரெண்டு பாதியும் ஒன்றாகச் சாய்ந்தது. "அடுத்த ஆடிக்குப் பார்ப்போம்டா" என்றார் சித்தப்பா. எனக்கு மாதச் சம்பளம் வருது, காத்திருந்தேன். நாலு பேருக்குச் சம்பளம் போட வேண்டிய ஸ்டார்ட்அப்காரர் அடுத்த ஆடி வரைக்கும் எதை வைத்து ஓட்டுவார்?

பயிருக்கான மானியத்தை மாதத்தில் அளக்காமல் பருவத்தில் அளக்கணும். குறைந்தது மூன்று பருவம். மழையில் போன பருவம் கணக்கில் வராது. செலவு கூடும்தான், அதற்காக மானியம் பெறுகிறவர்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை என்பேன். அது கஷ்டம்னா, விண்ணப்பத்தில் விதைப்பு மாதத்தைக் கேட்டு, அதற்கு மூணு மாசம் முன்னாடி முதல் தவணையைப் போடுங்க.