நான்கு சைன் அலைகள்

யமஹா 2015-இல் ரீஃபேஸ் என்ற பெயரில் நான்கு குட்டி கீபோர்டுகளை ஒன்றாக இறக்கியது. மற்ற மூன்றும் கையில் எடுத்ததுமே இனிக்கும். ரீஃபேஸ் டிஎக்ஸ் மட்டும் பழகப் பழகத்தான் பிடிபடும். என் ஓட்டு அதற்குத்தான்.

இதன் மூதாதை 1983-இல் வந்த டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்த எஃப்.எம். முறைதான் அதன் உயிர். ஒரு சைன் அலையை இன்னொரு சைன் அலை அதிவேகமாக ஆட்டிவைக்கும். வெறும் ஊதல்போல இருந்த ஒலியிலிருந்து மணியும் டிரம்பெட்டும் எலெக்ட்ரிக் பியானோவும் பிறக்கும். எண்பதுகளின் மேற்கத்தியக் காதல் பாட்டுகளில் கண்ணாடியைத் தட்டியதுபோல் ஒரு பியானோ கேட்குமே, பெரும்பாலும் அது இந்தப் பெட்டிதான். ஆனால் அதில் சொந்தமாக ஒரு ஒலியைச் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆறு ஆபரேட்டர் (சைன் அலை தரும் அலகு), 32 அல்காரிதம் (எது எதை ஆட்டும் என்ற இணைப்பு முறை). அத்தனைக்கும் இரண்டு வரித் திரை, மதிப்பை மாற்ற ஒரே ஸ்லைடர். பலர் கம்பெனி கொடுத்த ஒலிகளையே வாசித்துத் தீர்த்ததில் வியப்பென்ன? இசைக்கலைஞர் பிரையன் ஈனோ மாதிரி பிடிவாதக்காரர்கள் விதிவிலக்கு.

ரீஃபேஸ் டிஎக்ஸ் கை வைத்தது அங்கேதான். நான்கே ஆபரேட்டர், 12 அல்காரிதம். ஆபரேட்டருக்கு ஒன்றாக, விரலால் தடவி இயக்கும் நான்கு பட்டைகள். ஒரு எலெக்ட்ரிக் பியானோ செய்து பாருங்கள். முதல் ஆபரேட்டரின் அதிர்வெண் விகிதம் 1 என்று இருக்கட்டும். அதை ஆட்டும் இரண்டாவதை 14-க்கு ஏற்றி, லெவலை மெல்லக் கூட்டுங்கள். சுரத்தின் தலையில் 'டிங்' என்று ஓர் உலோகத் துளி வந்து உட்காரும். அதைச் சட்டென்று தேயவிட்டு, வாசிக்கும் வேகத்தோடு இணைத்துவிட்டால், மெல்லத் தொடும்போது குழைவு, ஓங்கி அடிக்கும்போது கணீர். சத்தம் கூடுவதோடு நிற்பதில்லை, ஒலியின் குணமே மாறுகிறது. எஃப்.எம்.மின் ருசி இதுதான். சாம்பிள்களை அடுக்கிவைத்த விலையுயர்ந்த கீபோர்டுகளில்கூட எனக்கு இந்த வழவழப்பான மாற்றம் கிடைத்ததில்லை.

இன்னொரு விசேஷம், ஃபீட்பேக்: ஓர் ஆபரேட்டர் தன்னைத் தானே ஆட்டிக்கொள்வது. டிஎக்ஸ்7-இல் ஓர் அல்காரிதத்துக்கு ஒன்றுதான் உண்டு. இங்கே நான்கு ஆபரேட்டருக்கும் தனித்தனி. ஒரு பக்கம் தள்ளினால் ரம்பப்பல் அலையின் கரகரப்பு, மறுபக்கம் சதுர அலையின் மூக்கொலி. ஆறு நான்கானதற்கு இது தாராளமாகவே ஈடு.

குறைகளும் உண்டு. 37 சாவிகள், அதுவும் சிறியவை. என்றாலும் விரலுக்கு இதமானவை. தடவும் பட்டைகளைப் பார்க்காமல் இயக்க முடியாது, மேடையில் அது தொல்லை. ஒரே நேரத்தில் எட்டு சுரங்களுக்கு மேல் நிற்காது. பெடலை மிதித்தபடி பெரிய கார்டுகளாக அடுக்கினால் முன்னால் வாசித்தது காணாமல் போகும். பழைய டிஎக்ஸ்7-இலேயே பதினாறு உண்டு.

ஆறு பேட்டரி போட்டு மடியில் வைத்து வாசிக்கலாம், ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு விலை பேசாதீர்கள். ஹெட்ஃபோனை மாட்டி, கீழ் ஸ்தாயியில் ஒரு பேஸ் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.