மலைபடுகடாத்தில் வழி தப்பியோர்

பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனைப் பாடிய பாட்டு இது. 583 அடிகள் உடையது; கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் பெறும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்தொட்டு இச்செய்திகளைத் தமிழ் கற்போர் அறிவர். ஆயினும் பாட்டினுள் புகுவோர் சிலரே. பாடியவர், பாட்டுடைத் தலைவன், அடித்தொகை, பெயர்க்காரணம் என்னும் நான்கோடு பாடம் முடிந்துவிடுகிறது. நன்னன் புகழ் பாடும் நூல் என்று ஒரு தொடரில் அடக்கிவிடுவாரும் உளர். அது போதுமா என்று நோக்குவோம்.

வழியை மறைக்காத புலவர்

பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனுக்கு வழி கூறுவதே பாட்டின் அமைப்பு. நன்னனது கொடையும் விருந்தோம்பலும் இதில் உண்டு. ஆனால் படிப்போர் நெஞ்சில் நிலைப்பது மலைவழியே. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள. பாம்பு ஒடுங்கும் குழிகள் உள. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் பாய்ந்து வரும். மரத்தின் பின் மறைந்து செல்க. பாசி படர்ந்து அடி தளரும் இடத்தில் எருவைக் கோலைப் பற்றிக் கடக்க. பொழுது சாய்ந்தபின் நடவாது, தம் இல்லில் புகுந்தாற்போலக் குகையில் புகுந்து தங்குக.

வழியின் அருமையைக் கூறுவது ஆற்றுப்படை மரபே என்று சிலர் கூறலாம். அவர்கள் பெரும்பாணாற்றுப்படையை எடுத்து ஒப்பு நோக்குக. இளந்திரையன் காக்கும் நாட்டில் வழிப்பறி இல்லை, இடியும் இடியாது, பாம்பும் தீண்டாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது என்கிறார் உருத்திரங்கண்ணனார். அது தலைவனை உயர்த்தும் கூற்று. பெருங்கௌசிகனாரோ நன்னன் மலையிலேயே பாம்பு உண்டு, பொறி உண்டு என்று அறிவிக்கிறார். இது நடப்பவனைக் காக்கும் கூற்று. இரண்டையும் புகழ்நூல் என்ற ஒரே பெயரால் அழைத்தால் இவ்வேறுபாடு மறைந்துபோகும்.

நம் நாட்டு மலையில்

பாசி வழுக்கும் என்ற எச்சரிக்கை நம் மாணாக்கர்க்கு அயலானதன்று. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் உடையது. அதன் மேற்பகுதி முழுதும் பாசிக்காடு. மழை பெய்யாத நாளிலும் அக்காடு நனைந்தே இருக்கும். தவழும் மேகம் இலையிலும் பாசியிலும் படிந்து துளியாய்ச் சொட்டுவதே காரணம். மரங்கள் குட்டையாய் முறுகி நிற்கும். வேர் எது, நிலம் எது என்று தெரியாதபடி பாசி மூடியிருக்கும். மஞ்சு இறங்கினால் சில அடிக்கு அப்பால் ஒன்றும் தோன்றாது. ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் நமக்கு அண்மையில், ஹுலு லாங்காட்டிலிருந்து ஏறப்படும் நுவாங் மலையும் (1,493 மீட்டர்) இதே தித்திவங்சா தொடரைச் சேர்ந்ததே.

செங்கத்துக் குன்றுகள் இத்தகைய ஈரக்காடு அல்ல; இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பிழை. ஆனால் வழி தப்பியவன் நிலை எங்கும் ஒன்றே. 1967 மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் பெயர்பெற்ற ஜிம் தாம்சன் கேமரன் மலையில் உலாவச் சென்றவர் திரும்பவில்லை. போலீசாரும் படையினரும் ஓராங் அஸ்லி மக்களும் தேடியும் சுவடு கிட்டவில்லை.

ஓசையே துணை

அந்நிலைக்குப் பெருங்கௌசிகனார் கூறுவது யாது? குறவரும் திகைக்கும் குன்றில் வழி தப்பினால் மேலும் நடவாதீர். அகன்ற பாறையில் ஒன்றுகூடி நின்று உம் இசைக்கருவிகளை முழக்குவீர். ஓசை கேட்டுக் கானவர் வருவர், கனி தருவர், அச்சம் தீர்த்து வழியும் காட்டுவர். நின்ற இடத்தில் நில், பிரியாதே, ஒலி எழுப்பு என்று இன்று மலையேறுவோர்க்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுவே அன்றோ!

பாட்டின் கட்டுக்கோப்பும் இங்கேதான் விளங்குகிறது. தொடக்கத்தில் கூத்தர் சுமந்து வரும் இசைக்கருவிகள் விரிவாகக் கூறப்படுகின்றன. அவற்றை வெறும் பட்டியல் என்று கடந்துவிடுகிறோம். பிழைப்புக்குச் சுமந்த கருவியே உயிர் காக்கும் கருவியாவதை நடுவில் காண்கிறோம். அதை அடுத்து அருவி ஒலி, கரும்பாலை ஒலி, மகளிர் வள்ளைப்பாட்டு என மலையில் எழும் ஓசைகள் தொகுக்கப்படுகின்றன. மலையை யானையாகவும் அதன் ஓசையைக் கடாமாகவும் உருவகித்து, நூலுக்குப் பெயர் தந்த தொடரும் அவ்விடத்தே வருகிறது. மனிதர் எழுப்பும் ஓசையும் மலை எழுப்பும் ஓசையும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அன்று. கண்ணுக்கு வழி தெரியாத இடத்தில் செவியே துணை. மனப்பாடம் செய்த பெயர்க்காரணம் இங்கே பொருள் பெறுகிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் இப்பாட்டை முதலடியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதில்லை. வழி தப்பும் பகுதியை முதலில் படித்துக் காட்டுக. அதன்பின் தொடக்கத்துக் கருவிகளுக்குச் செல்க. மலைக்குச் சென்று வந்த மாணாக்கர் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்' என்று எழுதித் தரும்போது, கால் எங்கே வழுக்கியது, எதைப் பற்றினாய், என்ன ஓசை கேட்டாய் என்று வினவுக. பெருங்கௌசிகனார் எழுதியது அவற்றைத்தான்.