கரி பூசாத முகங்கள்: ‘ஜம்ப் ஃபார் ஜாய்’ இசையரங்கு

தொடர்கதை ஏதுமின்றிப் பாடல், ஆடல், நகைச்சுவைத் துணுக்குக் காட்சி ஆகியவற்றைக் கோத்து ஓர் இரவு நிகழ்ச்சியாக்கும் மேடை வடிவத்தை மேலைநாட்டார் ‘ரெவ்யூ’ என்பர். கேளிக்கைக்கென்றே பிறந்த இவ்வடிவத்தை இன இழிவுக்கு எதிராகத் திருப்பிய முயற்சிகளுள் சிறப்பாக எண்ணத்தக்கது, டியூக் எல்லிங்டன் இசையமைத்த ‘ஜம்ப் ஃபார் ஜாய்’. 1941 ஜூலை 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மாயன் அரங்கில் அது தொடங்கியது.

இதன் துணிவை அறிய, முந்தைய நூறாண்டு அமெரிக்க மேடையை நினைவிற்கொள்ள வேண்டும். எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கறுப்பின மனிதனைச் சோம்பேறியாகவும் கோமாளியாகவும் வெள்ளையர் நடித்துக் காட்டினர். கொடுமை யாதெனில், பின்னாளில் கறுப்பின நடிகர்களே பிழைப்பின் பொருட்டு அதே கரியைத் தம் முகத்திலும் பூச நேர்ந்தது. தம் அரங்கில் நகைச்சுவை நடிகர்கள் கரி பூசலாகாது என்பதில் எல்லிங்டன் உறுதியாக நின்றார். சிரிக்க வைப்பவனும் தன் முகத்தோடு மேடையேறட்டும் என்பதே அந்த விதியின் உட்பொருள்.

விதியைச் சோதித்தவர் பகைவர் அல்லர்; நண்பர். முதலீட்டாளருள் ஒருவரான திரைநடிகர் ஜான் கார்ஃபீல்டுக்குப் பாடகர் ஹெர்ப் ஜெஃப்ரிஸின் நிறம் போதிய கருமையாகத் தோன்றவில்லை. ஒப்பனையால் கூட்டச் செய்தார். மேடையில் அக்கோலத்தைக் கண்ட எல்லிங்டன், இடைவேளையிலேயே அதைக் கலைக்கச் செய்தார் என்று ஜெஃப்ரிஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கார்ஃபீல்டின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், கறுப்பன் இப்படித்தான் தோன்ற வேண்டும் என்று அளவுகோல் பிடித்த கை, அனுதாபியின் கையாகவும் இருந்திருக்கிறது.

இங்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. எல்லிங்டனோடு பில்லி ஸ்ட்ரேஹார்ன் இசையில் துணைநின்றார்; ஆனால் பாடல்களில் பெரும்பங்கு எழுதிய பால் ஃபிரான்சிஸ் வெப்ஸ்டர், சிட் குல்லர் ஆகியோர் வெள்ளையர். அங்கதம் யாருடைய குரல்? அங்கிள் டாமின் குடிசை இன்று காரில் வந்து உண்ணும் உணவகமாகிவிட்டது எனக் கேலி செய்யும் பாடல், ஸ்டோவின் 1852ஆம் ஆண்டு நாவல் வளர்த்த பணிவுப் படிமத்தைச் சாதுரியமாகவே உடைக்கிறது. எனினும் அமெரிக்க அதிபரிடம் தொலைபேசியில் உரையாடுவதாக வொண்டர்ஃபுல் ஸ்மித் நிகழ்த்திய தனிப்பேச்சே எனக்கு அதனினும் உயர்ந்ததாகப் படுகிறது. அதில் பேசுபவனும் எழுதியவனும் ஒருவனே.

காட்சி முடிந்தபின் படைப்பாளர்கள் கூடிக் குறைகளை விவாதிப்பர். துணுக்குகள் நீங்கும், புதியன புகும். ஆகவே நேற்றைய அரங்கு இன்றில்லை. இவ்வுயிர்ப்பே அதற்கு வினையுமாயிற்று. நிலைத்த ஒரு பிரதி உருவாகவில்லை.

வானொலியும் கைகொடுக்கவில்லை. உரிமைத்தொகை தகராறினால், ‘அஸ்காப்’ எனும் பாடலாசிரியர் – இசையமைப்பாளர் சங்கத்தின் பாடல்களை 1941 தொடக்கம் முதல் அக்டோபர் இறுதிவரை பெரும் வானொலி நிறுவனங்கள் ஒலிபரப்பவில்லை. எல்லிங்டன் அச்சங்கத்தின் உறுப்பினர். ஒரு புதிய அரங்கின் பாடல்கள் நாடெங்கும் பரவியிருக்க வேண்டிய மாதங்கள் அவை. நூறு காட்சிகளைச் சற்றே கடந்து செப்டம்பர் இறுதியில் திரை விழுந்தது. பிராட்வே கனவு நிறைவேறவில்லை.

1959இல் மயாமி பீச்சில் புத்துருவம் பெற்றபோதும் அது சில வாரங்களே நீடித்தது. இன்று இசையுலகம் அறிந்தது பெரும்பாலும் ஐவி ஆண்டர்சன் பாடிய ‘ஐ காட் இட் பேட்’ என்னும் காதல் ஏக்கப் பாடலை மட்டுமே. அது மிக அழகிய பாடல், எவரையும் புண்படுத்தாதது. அரங்கின் கூர்மை முழுவதும் கழன்றபின் எஞ்சியது அது என்பதையும் மறைப்பதற்கில்லை. எல்லிங்டனோ அத்தோடு நின்றுவிடவில்லை. தம் மக்களின் வரலாற்றைச் சொல்லின் துணையை மிகுதியும் நாடாமல் இசையிலேயே வடித்த ‘பிளாக், பிரௌன் அண்ட் பெய்ஜ்’ படைப்பை, 1943 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னகி மன்றத்தில் அரங்கேற்றினார்.