மஷ்ஹத்தில் விழாத குண்டு

சர்வதேச உறவுகளைப் படிப்பவர்கள் வெகுகாலம் வரலாற்றையும் ஒப்பந்தங்களையும் வைத்தே வாதாடி வந்தார்கள். ஆய்வுகூடத்தில் யுத்தத்தை உண்டாக்கிப் பார்க்க முடியாதல்லவா? இப்போது ஒரு கற்பனைச் செய்தியை எழுதி, அதில் ஒரு விவரத்தை மாத்திரம் மாற்றி, எழுமாறாகப் பிரித்த குழுக்களுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுகிறார்கள்.

"முஸ்லிம் நாடென்டா அடிக்கலாமா?" என்று நேரே கேட்டால் யார்தான் ஓமென்பார்? ரொபர்ட் ஜோன்ஸும் கிறேம் டேவிஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிக் கேட்கவில்லை. பிரித்தானியரிலும் அமெரிக்கரிலும் சிலருக்கு இலக்கு கிறிஸ்தவ நாடு, சிலருக்கு இஸ்லாமிய நாடு. இஸ்லாமிய நாடென்றபோது தாக்குதலுக்கான ஆதரவு கூடியது. வாய் மறைப்பதை இந்த முறை பிடித்துவிடுகிறது.

ஸ்கொட் சேகனும் பெஞ்சமின் வலன்டினோவும் 2017இல் வெளியிட்ட கட்டுரைதான் என்னை அதிகம் உறுத்தியது. அவர்களுடைய கதையில் ஈரான் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்குகிறது. 2,403 பேர் மௌத்தாகிறார்கள். பேர்ள் ஹார்பரின் அதே எண்ணிக்கை. யுத்தம் இழுபடுகிறது. தெஹ்ரான் நோக்கிப் படை நடத்தினால் இன்னும் 20,000 அமெரிக்கச் சிப்பாய்கள் சாவார்கள். அல்லது மஷ்ஹத்தில் அணுகுண்டு போட்டு 1 இலட்சம் பொதுமக்களைக் கொல்லலாம். பாதிக்கு மேற்பட்ட அமெரிக்கர் குண்டைத் தெரிந்தார்கள். சாவை 20 இலட்சமாக்கியபோதும் ஆதரவு பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்கியது.

ஆய்வாளர்களின் நோக்கம் எச்சரிப்பது. அதைக் குறைசொல்ல மாட்டேன். பேர்ள் ஹார்பரின் எண்ணிக்கையை எடுத்ததும் ஹிரோஷிமாவை மனதில் வைத்தே. ஆனால் அந்த எண்ணிக்கை ஒரு பழைய கோபத்தையும் கூடவே இழுத்து வருகிறது. விடையில் கதைக்கு எவ்வளவு, மனிதருக்கு எவ்வளவு? சமரச வழியொன்றைச் சேர்த்த வடிவத்தில் குண்டுக்கான ஆதரவு குறைந்ததே, கதையின் கை எவ்வளவு நீளமென்று காட்டுகிறது. இன்னொன்று, இமாம் அலீ ரிழா அடங்கியுள்ள அந்த நகரத்தின் சனம் இங்கே கூட்டிக் குறைக்கும் ஓர் எண் மட்டும்தான். சாகப்போகிறவரிடம் வினாக்கொத்து போகவேயில்லை.

நம்மவர் இதை வாசித்துவிட்டு "அமெரிக்கன் எல்லாம் இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். பரிசோதனை சொல்வது குழுக்களுக்கிடையிலான வித்தியாசத்தை. ஓர் இனத்தின் குணத்தை அல்ல. ஜோன்ஸ், டேவிஸ் இருவரின் அதே கதையைக் கராச்சியிலும் கெய்ரோவிலும் யாராவது கொடுத்துப் பார்க்கட்டும், இலக்கு நாட்டின் மார்க்கத்தை மாற்றி மாற்றி. அங்கே வித்தியாசம் வராதென்று சத்தியம்பண்ண நான் தயாரில்லை.